வீட்டு மொழி கை நழுவுகிறது என்று தெரிந்தால் எங்கே தொடங்குவது

எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகத்தில் பிறந்து, பாட்டி பேசுவது புரிகிறது, பதில் சொல்லத்தான் வரவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நன்றாகப் பேசத் தெரிந்தும் பிள்ளைகளிடம் பேசாமல் விட்டுவிட்டவர்களுக்கும்தான். மொழியியல் படித்திருக்கத் தேவையில்லை. சங்கம், கட்டடம், நிதி எதுவும் ஆரம்பத்தில் வேண்டாம். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வரிசை மாறிப்போவதால்தான் நல்ல மனசோடு தொடங்கும் பல முயற்சிகள் ஒரு அகராதியோடும் ஒரு ஆண்டு விழாவோடும் நின்றுவிடுகின்றன. அதற்குள் பேசத் தெரிந்தவர்களில் இன்னும் சிலர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பாருங்கள்

எத்தனை பேர் பேசுகிறார்கள் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். யுனெஸ்கோ அமைத்த நிபுணர் குழு 2003இல் ஒரு மொழியின் நிலையை மதிப்பிட 9 காரணிகளை வகுத்தபோது, முதலில் வைத்தது எண்ணிக்கையை அல்ல. ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு மொழி போகிறதா என்பதைத்தான். லட்சம் பேர் பேசும் மொழியில் இருபது வயதுக்குக் கீழே ஒருவருமே பேசவில்லை என்றால் அது ஆபத்தில் இருக்கிறது. ஆயிரம் பேர் மட்டுமே பேசும் மொழியில் குழந்தைகள் சண்டை போட்டுக்கொள்வதே அந்த மொழியில்தான் என்றால் அதற்கு இன்னும் ஆயுசு இருக்கிறது.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நன்றாகப் பழக்கமான பத்துப் பதினைந்து வீடுகள் போதும். வீட்டுக்கு நாலு கேள்விதான்: பெரியவர்கள் தங்களுக்குள் எந்த மொழியில் பேசுகிறார்கள், பெற்றோர் பிள்ளைகளிடம் எதில் பேசுகிறார்கள், பிள்ளைகள் எதில் பதில் சொல்கிறார்கள், பிள்ளைகள் தங்களுக்குள் எதில் பேசிக்கொள்கிறார்கள். கேட்டு எழுதுவதைவிடக் கூட உட்கார்ந்து கவனித்து எழுதுவது நல்லது. ஏனென்றால் கேட்டால் எல்லோரும் 'வீட்டில் நம்ம மொழிதான்' என்பார்கள், பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். அரை மணி நேரம் அங்கே இருந்தால் தெரிந்துவிடும்: அம்மா வீட்டு மொழியில் கூப்பிடுவார், பிள்ளை பெரும்பான்மை மொழியில் பதில் சொல்லும், அடுத்த வாக்கியத்தில் அம்மாவும் அதற்கே மாறிவிடுவார், மாறியதே அவருக்குத் தெரியாது. மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பல குடும்பங்களில் மூத்தது பேசும், இளையது பேசாது. பள்ளி மொழியை வீட்டுக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் மூத்த பிள்ளைதான்.

நோட்டை ஒரு தடவை புரட்டினாலே எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரியும். பெற்றோருக்கு மொழி நன்றாகத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது என்றால் உங்கள் வேலை வீட்டுக்குள். பெற்றோருக்கே தெரியாது, தாத்தா பாட்டிக்குத்தான் தெரியும் என்றால் அந்தப் பெரியவர்களையும் மற்றவர்களையும் சேர்த்து உட்கார வைக்கும் ஏற்பாடு வேண்டும். விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள் மட்டும்தான் மிச்சம் என்றால், வேறு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு அவர்களிடம் போங்கள்.

ஏன் விட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், யாரையும் குறை சொல்லாமல்

இது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் இதைத் தாண்டிப் போனால் பின்னால் இடிக்கும். எந்தப் பெற்றோரும் சோம்பலால் தன் மொழியைக் கைவிடுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டிவிடுவார்கள். வேறு குழந்தை வெல்ஷ் பேசி மாட்டிக்கொண்டால் கட்டை அந்தக் குழந்தைக்குப் போகும், கடைசியில் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தக் குழந்தைக்கு அடி. ஹவாயில் 1896ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழி ஆக்கியது. நியூசிலாந்தில் பூர்வகுடிகளான மாவோரிப் பிள்ளைகள் பள்ளியில் தங்கள் மொழியைப் பேசியதற்காக அடி வாங்கினார்கள். இப்படி அடி வாங்கியவர்கள் வளர்ந்து பெற்றோர் ஆனபோது, தன் பிள்ளைக்கு அந்த அடி விழக்கூடாது என்று நினைத்தார்கள். அன்பினால் எடுத்த முடிவு அது.

அடி இல்லாத இடங்களிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது: வேலை, படிப்பு, கேலி, கல்யாணம், நகரத்துக்குக் குடிபெயர்வு. இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும் என்று ஆசிரியரோ மருத்துவரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திய குடும்பங்களும் ஏராளம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சுக் கோளாறு வருவதில்லை. ஆராய்ச்சிகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உங்கள் முதல் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் 'ஏன் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை' என்று கேட்பதற்குப் பதிலாக 'உங்கள் காலத்தில் இந்த மொழியைப் பேசினால் என்ன ஆகும்' என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு வாயே திறக்காதவர், இரண்டாவதற்கு மணிக்கணக்கில் பேசுவார்.

'மொழி தெரியாதவன் நம்ம ஆளா?'

இந்தக் கேள்வி எந்தச் சிறிய சமூகத்திலும் வரும். வந்தே தீரும். ஆரம்பத்திலேயே இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு எது செய்தாலும் இதில் வந்து முட்டும்.

என் நிலைப்பாடு தெளிவானது: மொழி தெரியாததற்காக யாரையும் சமூகத்துக்கு வெளியே தள்ளாதீர்கள். மொழி போனாலும் 'நாங்கள் யார்' என்ற உணர்வு நிற்க முடியும். பிரான்ஸின் கீழ் உள்ள ரீயூனியன், மார்ட்டினிக் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்று அன்றாடம் தமிழ் பேசுவதில்லை, ஆனாலும் வழிபாட்டிலும் பெயர்களிலும் அந்த வேரைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அயர்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம், அவர்களை ஐரிஷ்காரர்கள் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆகவே 'மொழி போனால் இனமே போச்சு' என்ற முழக்கம் உண்மையும் இல்லை, உதவியும் இல்லை. மொழி தெரியாத இளைஞரின் காதில் அது 'நீ ஏற்கெனவே போனவன்' என்றுதான் விழும்.

அப்படியானால் மொழி எதற்கு என்று கேட்பீர்கள். பெரியவர்களோடு அவர்களுக்கு வசதியான மொழியில் பேச முடிவது, பாட்டையும் சொலவடையையும் யாரும் விளக்காமலே ரசிக்க முடிவது, மற்றவர்கள் எழுதி வைத்த விளக்கத்தை நம்பி இருக்காமல் தன் கதையைத் தானே தெரிந்துகொள்வது, இவை எல்லாம் மொழியோடு வருபவை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பூர்வகுடிச் சமூகங்களை வைத்து 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் மொழியில் உரையாடக்கூடிய சமூகங்களில் இளைஞர் தற்கொலை மிகக் குறைவாக இருந்ததைக் காட்டியது. மொழி மட்டுமே காரணம் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் மொழியைக் காப்பாற்றும் சமூகம் தன் ஆட்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது என்று நான் நம்புகிறேன்.

இனி அரைகுறையாகப் பேசுகிறவர்களைப் பற்றி. இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். நான்சி டோரியன் என்ற மொழியியலாளர் 1960களிலிருந்து ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரை மீனவ ஊர்களில் தேய்ந்துகொண்டிருந்த கேலிக் மொழியின் வழக்கை ஆராய்ந்தார். அங்கே சிலர் பேசும்போது இலக்கணம் தடுமாறும், வாக்கியம் குட்டையாக இருக்கும். ஆனால் காதில் விழுவது அத்தனையும் அவர்களுக்குப் புரியும். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எங்கே ஒரு வார்த்தை போட வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துபடி. இப்படிப்பட்டவர்கள் உங்கள் சமூகத்திலும் இருக்கிறார்கள், நன்றாகப் பேசுபவர்களைவிட அதிகமாகவே இருப்பார்கள். ஒன்றுமே தெரியாதவருக்குப் பல ஆண்டுகள் ஆகும் வேலையில் பாதியை இவர்கள் சிறுவயதிலேயே முடித்துவிட்டார்கள்.

அவர்கள் வாயை மூடுவது எது தெரியுமா? சிரிப்பு. ஒரு விசேஷ வீட்டில் இருபத்தைந்து வயதுப் பையன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் ஒரு வாக்கியம் சொல்கிறான். விகுதி தப்பாகிவிடுகிறது. பெரியப்பா அதையே அவன் குரலில் திருப்பிச் சொல்லிக் காட்ட, சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, பாசத்தில் செய்த கேலிதான். பையனும் கூடச் சிரித்துவிட்டு, மிச்சத்தைப் பெரும்பான்மை மொழியில் சொல்லி முடிக்கிறான். அதற்கப்புறம் பெரியப்பா முன்னால் அவன் அந்த மொழியில் வாய் திறக்கமாட்டான். அவனுக்குக் குழந்தை பிறந்தால் அதனிடமும் பேசமாட்டான்.

ஆகவே சமூகத்தில் மதிப்புள்ள இரண்டு மூன்று பெரியவர்களிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: பிள்ளைகள் தப்பாகப் பேசினால் சிரிக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம், சரியான வடிவத்தில் சாதாரணமாகப் பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். ஒரு பெரியவர் இதை எல்லோர் முன்னாலும் செய்து காட்டினால் மற்றவர்கள் தானாகப் பின்பற்றுவார்கள். கடன்சொல் கலப்பதையும் விட்டுவிடுங்கள். கலப்பில்லாத மொழியைத் தேடும் வேலை பிறகு; முதலில் வாய் திறக்கட்டும்.

வீட்டுக்குள்

பெற்றோருக்கு மொழி தெரிந்த வீடுகளில் செலவே இல்லாத வழி இது, ஆனால் பொறுமை நிறைய வேண்டும். 'இனிமேல் வீட்டில் நம்ம மொழி மட்டும்தான்' என்று ஒரே நாளில் அறிவித்தால் சில நாட்களில் எல்லோரும் களைத்துவிடுவார்கள். ஒரு நேரத்தையோ ஒரு வேலையையோ பிடியுங்கள்: குளிப்பாட்டும் நேரம், சாப்பாட்டு நேரம், தூங்கப் போகும் நேரம். அந்த நேரத்துக்கு அந்த மொழி என்று பழகிவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். மொழியை ஒரு ஆளோடு சேர்ப்பதும் நன்றாக வேலை செய்யும். பாட்டியிடம் இந்த மொழிதான் என்று குழந்தைக்குப் பதிந்துவிட்டால் பாட்டியைப் பார்த்ததும் நாக்கு தானாகத் திரும்பும்.

பிள்ளை பெரும்பான்மை மொழியில் பதில் சொன்னால் என்ன செய்வது? திட்டினால் மொழிக்கும் திட்டுக்கும் முடிச்சு விழுந்துவிடும். அதற்காக நீங்களும் மாறிவிட்டால் 'இதில் பேசினாலும் காரியம் நடக்கும்' என்று பிள்ளைக்குப் பாடம் ஆகிவிடும். நடுவழி ஒன்று இருக்கிறது. பிள்ளை சொன்னதையே வீட்டு மொழியில் கேள்வியாகத் திருப்பிக் கேளுங்கள். 'தண்ணி வேணுமா?' என்று நீங்கள் கேட்டால் பிள்ளைக்கு வேண்டிய சொல் கையிலேயே கிடைத்துவிடுகிறது. ஆமாம் என்று தலையாட்டினாலும் போதும், சில நாளில் அந்தச் சொல் அதன் வாயிலிருந்தே வரும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் 'புரியலையே, இன்னொரு தடவை சொல்லு' என்று சாதாரணமாகக் கேட்கலாம், ஆனால் அழுதுகொண்டு வரும் நேரத்திலோ ஏதோ முக்கியமாகச் சொல்ல ஓடிவரும் நேரத்திலோ இதைச் செய்யவே கூடாது.

அப்புறம், கூட விளையாட இன்னொரு குழந்தை வேண்டும். பெரியவர்களிடம் மட்டும் பேசும் மொழி, பிள்ளைகளின் கண்ணுக்குப் பெரியவர்களின் மொழியாகவே இருக்கும். உங்கள் நோட்டில் உள்ள வீடுகளில் ஒத்த வயதுப் பிள்ளைகள் இருக்கும் இரண்டு வீட்டைச் சேர்த்துவிடுங்கள்.

ஒருவருக்கு ஒருவர்

வீட்டில் பேச ஆளில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. கலிபோர்னியாவில் பூர்வகுடி மொழிகள் பலவற்றுக்கு ஒரு கைப்பிடி முதியவர்களே மிச்சம் இருந்த நிலையில், 1990களின் தொடக்கத்தில் அங்குள்ள சமூகத்தினரும் லீன் ஹின்டன் என்ற மொழியியலாளரும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு இது. பேசத் தெரிந்த ஒரு முதியவர், கற்க விரும்பும் ஒரு வயது வந்தவர். வாரத்துக்குப் பத்திலிருந்து இருபது மணி நேரம் சேர்ந்து இருப்பார்கள், பெரும்பான்மை மொழி கலக்காமல். வகுப்பு கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. துணி மடிக்கலாம், தோட்டத்தில் வேலை செய்யலாம், நடந்துவிட்டு வரலாம். புரியாததைக் கைச்சாடையால் காட்ட வேண்டும், மொழிபெயர்க்கக் கூடாது.

இதில் ஆசிரியர் முதியவர் என்றாலும் வண்டியை ஓட்ட வேண்டியவர் கற்பவர்தான், ஏனென்றால் பெரும்பாலான முதியவர்களுக்குச் சொல்லித் தந்து பழக்கம் இருக்காது. ஆகவே முதல் நாளே ஐந்தாறு வாக்கியங்களை மனப்பாடம் செய்துவிடுங்கள்: இது என்ன, நான் இப்போது என்ன செய்கிறேன், நீங்கள் என்ன செய்கிறீர்கள், இன்னொரு தடவை சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள். இதை வைத்துக்கொண்டே நாள் முழுக்க ஓட்டலாம். வாரத்துக்குப் பத்து மணி நேரம் முடியாது என்றால் முடிந்த நேரம் போங்கள், ஆனால் அந்த நேரத்தில் வேறு மொழி வேண்டாம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதியவரின் நேரத்துக்குப் பணமாகவோ உதவியாகவோ ஈடு செய்யுங்கள்.

ஒலிப்பதிவு

பதிவு செய்வதும் பேசுவதும் ஒன்றல்ல. ஆயிரம் மணி நேரப் பதிவு இருந்தாலும் பேச ஆளில்லாவிட்டால் மொழி பெட்டிக்குள்தான் இருக்கும். இருந்தாலும் முதியவர்கள் மட்டுமே மிச்சம் என்றால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் சம்மதம்: எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், யார் கேட்கலாம், இணையத்தில் போடலாமா கூடாதா என்று அவருக்குப் புரியும்படி கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் பதிவில் சேர்த்துவிடுங்கள். வீட்டுச் சண்டை, பக்கத்து வீட்டுக் கதை என்று நடுவில் எது வேண்டுமானாலும் வரலாம். அதை வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டும். கைப்பேசி போதும், ஆனால் எம்பி3க்குப் பதில் வேவ் வடிவில் சேமியுங்கள், மின்விசிறியையும் டிவியையும் நிறுத்துங்கள், கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள்.

'ஏதாவது சொல்லுங்க' என்று கைப்பேசியை நீட்டினால் எவ்வளவு வாயாடியான பாட்டியும் உறைந்துவிடுவார். சொற்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாலும் பரீட்சை போல ஆகிவிடும். ஒரே வயதுள்ள இரண்டு பெரியவர்களைச் சேர்த்து உட்கார வைத்து, பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் நகர்ந்துவிடுங்கள். இது யார், இல்லை அவர் தம்பி, அந்தச் சட்டை யாருடையது என்று ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசத் தொடங்கியதும் மொழி முழு வேகத்தில் வரும். கேலி, சமாதானம், ஆச்சரியம், ஒருவர் பேச்சை ஒருவர் இடைமறிப்பது, இவை எதுவும் அகராதியில் இருக்காது. அதேபோல ஒரு வேலையைச் செய்துகொண்டே விளக்கச் சொல்லுங்கள்; கை ஓடினால் வாயும் ஓடும்.

கோப்புக்குத் தேதி, பேசுபவர், இடம் மூன்றையும் வைத்துப் பெயரிடுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். எழுத்தில் மாற்ற ஈலான் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் உருவாக்கியது. ஒரு நிமிடப் பேச்சை எழுதி மொழிபெயர்க்க அரை மணிக்கு மேல் ஆகலாம், ஆகவே எல்லாவற்றையும் எழுத நினைக்காதீர்கள். ஒவ்வொரு பதிவிலும் என்ன இருக்கிறது என்று இரண்டு வரிக் குறிப்பு மட்டுமாவது உடனே எழுதிவிடுங்கள்.

எழுத்துச் சண்டை

எந்த எழுத்தில் எழுதுவது, எந்த ஊர் வழக்கு சரியானது என்று சண்டை வரும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கார்னிஷ் மொழிக்காரர்களிடம் போட்டி போடும் எழுத்துமுறைகள் பல இருந்தன. 2008இல்தான் ஒரு பொது வடிவத்தை ஏற்றுக்கொண்டார்கள், அதுவரை போன உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் ஆட்களுக்கு ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த எழுத்தில் தொடங்குங்கள். வழக்கு வித்தியாசங்களை அப்படியே விட்டுவிட்டு, இது இன்னாருடைய பேச்சு என்று மட்டும் குறியுங்கள்.

பள்ளியும் அரசும்

பள்ளியில் பாடமாக வைத்துவிட்டால் மொழி பிழைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அயர்லாந்து சுதந்திரம் பெற்ற காலத்திலிருந்து ஐரிஷ் பள்ளிப் பாடம். 2016 கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள், பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 74 ஆயிரம் பேர்தான். பாடம் இருப்பது நல்லதுதான், மதிப்பைக் கூட்டும். ஆனால் பேசும் இடத்தை அது உருவாக்காது.

மாவோரிகள் வேறு வழியில் போனார்கள். 1982இல் நியூசிலாந்தின் வைனுயோமட்டா என்ற ஊரில் முதல் கோஹங்க ரேயோ திறந்தது. மொழி தெரிந்த பாட்டி தாத்தாக்கள் பள்ளி வயது வராத குழந்தைகளோடு நாள் முழுக்க மாவோரியில் மட்டும் பேசி விளையாடும் இடம் அது. சில ஆண்டுகளிலேயே அப்படிப்பட்ட இடங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. அந்தக் குழந்தைகள் வளர்ந்ததும் பெற்றோரே மாவோரி வழிப் பள்ளிகளைக் கேட்டுத் தொடங்கினார்கள். இரண்டு பெரியவர்கள், ஐந்து குழந்தைகள், வாரத்தில் இரண்டு காலை நேரம் என்ற அளவில் இதை நீங்களும் தொடங்கலாம்.

கணக்கெடுப்பு வரும்போது தாய்மொழி என்ற இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று உங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். இந்தியாவில் 1971க்குப் பிறகு 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகள் வெளியிடப்படும் பட்டியலில் தனிப்பெயராக வருவதில்லை. பட்டியலில் பெயர் இல்லாத மொழிக்காக அதிகாரிகளிடம் பேசுவது கஷ்டம்.

பேசுபவர் ஒருவருமே இல்லை என்றால்

அப்போதும் தொடங்கலாம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் உள்ள மேன் தீவின் மாங்க்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் என்று சொல்லப்படும் நெட் மேட்ரல் 1974இல் இறந்தார். அவர் இருந்தபோதே சிலர் அவரிடமும் மற்ற முதியவர்களிடமும் போய்ப் பேசிக் கற்றிருந்தார்கள், 1948இலேயே ஒலிப்பதிவும் நடந்திருந்தது. 2001இல் மாங்க்ஸ் வழித் தொடக்கப்பள்ளியே வந்துவிட்டது. 2009இல் யுனெஸ்கோ அந்த மொழியை அழிந்த மொழி என்று குறித்தபோது அந்தப் பள்ளிப் பிள்ளைகளே கடிதம் எழுதினார்கள், குறிப்பு மாற்றப்பட்டது.

அமெரிக்காவின் வாம்பனோக் மக்களின் மொழியை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாருமே பேசவில்லை. ஜெஸ்ஸி லிட்டில் டோ பெயர்ட் 1990களில் அதை மீட்கத் தொடங்கியபோது கையில் இருந்தவை 1663இல் அச்சான பைபிள் மொழிபெயர்ப்பும் அந்த மக்களே எழுதி வைத்த பழைய பத்திரங்களும் கடிதங்களும்தான். அவர் மகள் அந்த மொழியைப் பிறந்ததிலிருந்தே கேட்டு வளர்ந்தாள். இன்னொரு அமெரிக்கப் பூர்வகுடி மொழியான மயாமியாவை அந்தச் சமூகத்தைச் சேர்ந்த டேரில் பால்ட்வின் பழைய ஆவணங்களிலிருந்து கற்று வீட்டில் பிள்ளைகளோடு பேசினார்.

ஆகவே உங்கள் மொழிக்கு வெளியார் வைத்த பழைய பெயர்கள் எல்லாவற்றையும் முதலில் திரட்டுங்கள், ஏனென்றால் ஆவணக் காப்பகங்களில் அந்தப் பெயரில்தான் இருக்கும். மதப் பரப்புநர்களின் ஏடுகள், பழைய மொழி அளவை அறிக்கைகள், பல்கலைக்கழக நூலகங்கள், வானொலி நிலையங்களின் சேமிப்பு, பழைய நிலப் பத்திரங்கள் என்று தேடிப் போங்கள். கிடைக்கும் எதற்கும் பிரதி கேட்டு எழுதும்போது நீங்கள் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து மறுபடியும் எழுதுங்கள்.